உப்புத் தண்ணீர், நாற்பது லிட்டர்

தவாத்மி தாண்டி முப்பத்தேழாவது கிலோமீட்டரில்
தார் முடிகிறது.
அதற்கப்பால் கருங்கல்,
கல்லுக்கு நடுவே சரளை,
சரளைக்கு நடுவே அபூ மிஷ்அலின் பேரீச்சைகள்:
பாதி பச்சை, பாதி துடைப்பம்.

நாலு இரும்பு முளைகள்.
ஓரத்து முளைகளில் மின்சாரம் இறங்கும்,
நடுமுளைகள் ஒட்டுக்கேட்கும்.
ஓரங்களை அகற்ற அகற்றக்
கேள்வி ஆழம் போகும்.
வித்தை இவ்வளவுதான். மீதியெல்லாம் நடை,
சம்மட்டி, கம்பிச் சிக்கல்,
கிழக்கு முனையில் மொக்லேஸ்,
மேற்கு முனையில் தொண்டிக்காரன் சிக்கந்தர்,
நடுவில் பெட்டியும் குடையும் நானும்.

காய்ந்த மண் மின்சாரத்தை உள்ளே விடாது,
வாசலில் நிறுத்திப் பெயர் கேட்கும்.
அதனால் முளைக்கு முளை
உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றுகிறோம்.
அபூ மிஷ்அல் வண்டி நிழலிலிருந்து பார்க்கிறார்.
டாங்கர் டாங்கராக விலைக்கு வாங்கும் மனிதர்.
தண்ணீர் தேட வந்தவர்கள்
அவர் கண்ணெதிரே தண்ணீர் கொட்டுகிறார்கள்.

பத்து மீட்டரில் நானூற்றுப் பத்து.
இருபதில் இருநூற்று அறுபது.
நாற்பதில்
பதினொன்று.

திரும்ப அழுத்தினேன். பதினொன்று.
ரேடியோவில் சொன்னதும் சிக்கந்தர் போட்ட விசில்
மலையில் மோதித் திரும்பியது.
அபூ மிஷ்அலுக்குத் தமிழ் வேண்டியிருக்கவில்லை.
கஹ்வா கொண்டுவரச் சொல்லி மகனை விரட்டினார்.

எண் இறங்கினால் நல்லது.
இப்படி விழுந்தால் நல்லதில்லை.
பூமி படிப்படியாகத்தான் மனம் மாறும்;
கோடு தலைகுப்புறக் குதித்தால்
பொய் சொல்வது பூமியல்ல, வேறு யாரோ.
கம்பியோடு கம்பியாக நடந்தேன்.
மொக்லேஸ் காலால் சரளையைத் தள்ளினான்.
டங்.

ஆறு அங்குல இரும்புக் குழாய்,
துருப்பிடித்து, மண்ணுக்குள் நீளமாகப் படுத்திருந்தது.
'ஓ, அதுவா' என்றார் அபூ மிஷ்அல்,
'பழைய கிணற்றுக் குழாய்.
கிணறு இரண்டாம் வருஷமே வற்றிவிட்டது.
சொல்ல மறந்துவிட்டேன்.'
கிணறு வெட்டத்தான் பூதம் கிளம்பும் என்பார்கள்.
நாங்கள் இன்னும் வெட்டவே இல்லை.

கஹ்வா வந்தது. குடித்தோம். கசந்தது.
அதன் குணமே கசப்புதான்.

வடமேற்கில் ஐந்து வேல மரங்கள்.
யாரும் நடாதவை,
பிறகு ஏன் நூல் பிடித்தாற்போல் நிற்கின்றன?
கம்பியை அங்கே திருப்பினேன்.
நாற்பதில் நூற்று முப்பது.
அறுபதில் தொண்ணூற்றைந்து.
எண்பதில் நூற்றுப் பன்னிரண்டு, மெல்ல ஏற்றம்.
நூறில் நூற்று முப்பத்தைந்து.
பதறாத எண்கள். விசில் இல்லை.

பாறை அங்கே உடைந்திருக்கலாம்.
உடைசலில் நீர் இருக்கலாம்.
இருந்தால் அது நன்னீராகவும் இருக்கலாம்.
'ஃபீ மோயா?' என்று கேட்டார்.
மூன்று லாமையும் சேர்த்து
'யிம்கின்' என்றேன்.
பல் தெரியச் சிரித்தார்:
'யிம்கின் சொல்ல என் ஒட்டகம் போதுமே,
அதற்கு பேட்டரியும் வேண்டாம்.'
ஆனாலும் போய் ஒரு கல்லை எடுத்துவந்து
நான் காட்டிய இடத்தில் அவரே வைத்தார்.
பிறகு இன்னொரு கல், அதன்மேல்.

சாயங்காலம் முளைகளைப் பிடுங்கினோம்.
ஈரம் எப்போதோ போய்விட்டது,
துளைக்குத் துளை வெள்ளை வட்டம்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கவேண்டுமாம்.
துளைபோடும் வண்டி வியாழக்கிழமை வரும்.
அன்று நாங்கள் அஃபீஃபில்
வேறொரு கருங்கல்லில் நார் உரித்துக்கொண்டிருப்போம்.

'அண்ணே, பதினொன்னு வந்தப்ப
நான் நம்பிட்டேன்' என்றான் சிக்கந்தர்.
நான் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கேனில் மிச்சமிருந்ததை
ஐந்தாவது வேல மரத்தடியில் கவிழ்த்தான் மொக்லேஸ்,
அவன் இரக்கக்காரன்.
'உப்புடா அது!' என்று கத்தினேன்.
அதற்குள் குடித்துவிட்டது மண்.